மோதிரக் காவியத்தின் நடிகர்கள்: வாசகர் கேள்வி பதில்

பீட்டர் ஜாக்சன் இயக்கி 2001, 2002, 2003 ஆகிய ஆண்டுகளின் டிசம்பர் மாதங்களில் அடுத்தடுத்து வெளிவந்த 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்களைப் பற்றி வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை, அவற்றில் நடித்தவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்றே கேட்கின்றன. ஆகவே இம்முறை முழுப் பகுதியையும் அக்கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

மூன்றாவது படம் 11 ஆஸ்கர் விருதுகளை வென்றது. ஆனால் நடித்தவர்களில் ஒருவருக்குக்கூட விருது இல்லை. நடிப்பு சுமார் என்பதுதானே இதன் பொருள்?

அப்படிப் பொருள் கொள்வது அந்த நடிகர்களுக்குச் செய்யும் அநீதி. 'தி ரிட்டர்ன் ஆஃப் தி கிங்' 2004 பிப்ரவரியில் நடந்த விழாவில் தான் போட்டியிட்ட 11 பிரிவுகளிலும் வென்றது. அவற்றில் நடிப்புக்கான பிரிவு ஒன்றும் இல்லை என்பது உண்மைதான். மூன்று படங்களையும் சேர்த்துப் பார்த்தாலும், முதல் படத்தில் கேன்டால்ஃப் என்னும் மந்திரவாதியாக வந்த இயன் மெக்கல்லனுக்குக் கிடைத்த துணை நடிகருக்கான பரிந்துரை ஒன்றுதான் தேறும். அந்த விருதும் ஜிம் பிராட்பென்ட்டுக்குப் போய்விட்டது. ஆனால் நடிகர்களே வாக்களித்துத் தரும் அமெரிக்க நடிகர் சங்க விருதுகளைப் பாருங்கள்: முதல் படத்துக்காக மெக்கல்லன் அங்கே வென்றார், மூன்றாவது படத்தின் நடிகர் குழு முழுவதற்கும் சிறந்த குழு நடிப்புக்கான விருது கிடைத்தது. கதையின் சுமையைப் பலர் சேர்ந்து தூக்கும் படத்தில் ஒருவரை மட்டும் பிரித்தெடுத்துப் பாராட்டுவது கடினம் என்பதைச் சக நடிகர்கள் சரியாகவே உணர்ந்திருந்தார்கள்.

கதாநாயகனாக நடித்தும் எலைஜா வுட் ஏன் பெரிய நட்சத்திரமாக உயரவில்லை?

இதற்கு விடை சொல்வதற்கு முன், படம் எடுக்கப்பட்ட முறையைச் சொல்ல வேண்டும். ஏனெனில் இந்த நடிகர்கள் ஒவ்வொருவரின் பிற்கால வாழ்க்கையையும் அது ஏதோ ஒரு வகையில் பாதித்திருக்கிறது. வழக்கமாக ஒரு தொடரின் முதல் படம் வெற்றி பெற்றால், அடுத்த படத்துக்கு நடிகர் சம்பளத்தை உயர்த்திக் கேட்கலாம். இடைப்பட்ட காலத்தில் வேறு படங்களில் நடித்துத் தன்னை வேறு விதமாகவும் காட்டிக்கொள்ளலாம். இங்கே மூன்று படங்களும் 1999 அக்டோபரிலிருந்து 2000 டிசம்பர் வரை நியூசிலாந்தில் ஒரே மூச்சாக எடுக்கப்பட்டன. முதல் படம் திரைக்கு வந்தபோது மூன்றாவது படத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே முடிந்திருந்தது. அதன் பின்னரும் ஒவ்வோர் ஆண்டும் கூடுதல் காட்சிகளுக்காக அவர்கள் நியூசிலாந்துக்குத் திரும்ப வேண்டியிருந்தது. புகழ் வந்து சேர்ந்த நேரத்தில், அந்தப் புகழுக்குக் காரணமான உழைப்பு அவர்களுக்குப் பழையதாகியிருந்தது.

படப்பிடிப்புத் தொடங்கியபோது வுட்டுக்கு 18 வயது. அவர் புதுமுகம் அல்லர். சிறுவனாக 'அவலான்' (1990), பதின்ம வயதில் 'தி ஐஸ் ஸ்டார்ம்' (1997) போன்ற தரமான படங்களில் நடித்திருந்தவர். ஃப்ரோடோ வேடத்துக்காக, அந்தப் பாத்திரத்தைப் போல உடையணிந்து, காட்டுக்குள் சென்று நடித்துப் பதிவு செய்த ஒளிநாடாவை அனுப்பி வாய்ப்பைப் பெற்றார். மூன்றாவது படம் வெளிவந்தபோது அவருக்கு வயது 22. அந்த வயதில், அந்த முகத்தோடு, ஹாலிவுட்டின் காதல் நாயகனாக முயன்றிருக்க எல்லா வாய்ப்பும் இருந்தது. அவர் 2005இல் 'சின் சிட்டி'யில் ஒரு வார்த்தையும் பேசாத கொடூரக் கொலைகாரனாக நடித்தார். 2012இல் வெளிவந்த 'மேனியாக்' படத்தில் கேமரா கொலைகாரனின் கண்களாகவே இயங்குவதால், அவருடைய முகம் பெரும்பாலும் கண்ணாடிப் பிரதிபலிப்புகளில்தான் தெரிகிறது. உலகமே அறிந்த தன் முகத்தை மறைத்துக்கொள்ளும் வேடத்தை விரும்பி ஏற்ற நடிகரை, உயர முடியாமல் போனவர் என்று என்னால் எண்ண முடியவில்லை. பிறகு 'ஸ்பெக்டர்விஷன்' என்னும் தயாரிப்பு நிறுவனத்தை நண்பர்களுடன் நடத்தி, 'மேண்டி' (2018) போன்ற, பெரிய நிறுவனங்கள் தொடத் தயங்கும் திகில் படங்களுக்கு அவர் துணை நின்றார். நட்சத்திரமாவதை அவர் தவறவிட்டதாகத் தெரியவில்லை. அதை அவர் நாடவே இல்லை என்றுதான் அவர் ஏற்ற படங்களைப் பார்க்கும்போது தோன்றுகிறது.

அரகார்ன் வேடத்துக்கு விகோ மார்டென்சன் கடைசி நேரத்தில்தான் வந்தாராமே? பிறகு ஏன் அவர் அப்படிப்பட்ட சாகசப் படங்களில் அதிகம் நடிக்கவில்லை?

ஆம். அந்த வேடத்துக்கு முதலில் தேர்வானவர் ஸ்டூவர்ட் டவுன்சென்ட். படப்பிடிப்புத் தொடங்கிய பிறகுதான், வேடத்துக்கு இன்னும் வயது கூடியவர் தேவை என்று இயக்குநர் முடிவு செய்து அவரை மாற்றினார். மூலக் கதையைப் படித்திராத மார்டென்சன், அதன் ரசிகனான தன் மகன் வற்புறுத்தியதால் ஒப்புக்கொண்டு விமானம் ஏறினார். அப்போது அவருக்கு 40 வயது கடந்திருந்தது. 'விட்னஸ்' (1985) தொடங்கி சுமார் 15 ஆண்டுகள் சிறிய, நடுத்தர வேடங்களில் உழைத்திருந்தார்.

இந்த 15 ஆண்டுகள்தான் அவரைக் காப்பாற்றின என்பது என் கருத்து. திடீர்ப் புகழ் தன்னிடம் எதை எதிர்பார்க்கும், எதை எடுத்துக்கொள்ளும் என்பதை அறியும் முதிர்ச்சி அவருக்கு இருந்தது. 2004இல் 'ஹிடால்கோ' என்ற குதிரைச் சாகசப் படத்தில் நடித்தபின் அவர் டேவிட் குரோனென்பெர்க் என்னும் கனடிய இயக்குநரிடம் சென்றார். 'எ ஹிஸ்டரி ஆஃப் வயலன்ஸ்' (2005), 'ஈஸ்டர்ன் ப்ராமிசஸ்' (2007), 'எ டேஞ்சரஸ் மெத்தட்' (2011), 'கிரைம்ஸ் ஆஃப் தி ஃப்யூச்சர்' (2022) என நான்கு படங்கள் அந்த நட்பில் விளைந்தன. இவற்றில் இரண்டாவது படமும், 'கேப்டன் ஃபென்டாஸ்டிக்' (2016), 'கிரீன் புக்' (2018) ஆகிய படங்களும் அவருக்குச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரையைப் பெற்றுத் தந்தன. சிறுவயதில் அர்ஜென்டினாவில் வளர்ந்ததால் ஸ்பானிய மொழியிலும் தடையின்றி நடிக்கிறார். தந்தையின் மொழியான டேனிஷிலும் நடித்திருக்கிறார். 'ஃபாலிங்' (2020) முதலாக இயக்குநராகவும் இருக்கிறார். கவிதை, ஒளிப்பட நூல்களை வெளியிடும் சிறிய பதிப்பகம் ஒன்றையும் 2002இல் தொடங்கினார். அந்தத் தொடரில் நடித்தவர்களுள், கிடைத்த புகழை முழுக்க முழுக்கத் தன் விருப்பப்படி செலவிட்டவர் இவர்தான் என்று உறுதியாகச் சொல்வேன்.

ஆர்லாண்டோ ப்ளூம்? ஒருகாலத்தில் அவர் படம் இல்லாத சுவரே இல்லை. பிறகு ஏன் மங்கிப்போனார்?

மார்டென்சனின் கதையை அப்படியே திருப்பிப் போட்டால் ப்ளூமின் கதை. லண்டன் கில்ட்ஹால் பள்ளியில் நாடகம் பயின்று, படிப்பை முடிக்கும் தறுவாயிலேயே இந்த வாய்ப்பைப் பெற்றார். ஃபாராமிர் என்னும் வேறொரு பாத்திரத்துக்குத்தான் அவர் தேர்வுக்குச் சென்றார். கிடைத்தது வில்வீரன் லெகோலாஸ் வேடம். அதற்கு ஓராண்டுக்கு முன்புதான் மூன்று மாடி உயரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்து, இனி நடக்க முடியுமா என்ற நிலையிலிருந்து மீண்டிருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், குதிரை மேலும் பாறைகள் மேலும் அவர் காட்டிய லாவகத்தின் அருமை விளங்கும்.

லெகோலாஸ் அதிகம் பேசும் பாத்திரம் அன்று. பார்வை, நிதானம், உடலசைவு ஆகியவையே அதன் பலம். அந்த வெற்றியின் அடிப்படையில் 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' (2003), 'டிராய்' (2004) ஆகியவை வந்தன. 2005இல் ரிட்லி ஸ்காட்டின் 'கிங்டம் ஆஃப் ஹெவன்' படத்தையும், அதே ஆண்டில் 'எலிசபெத்டவுன்' படத்தையும் தனியே தோளில் சுமக்க வேண்டியதாயிற்று. 28 வயதில், பெரிய வேடங்களுக்கு நடுவே சிறு வேடங்களில் பிழை செய்து கற்கும் அவகாசம் அவருக்குக் கிடைக்கவே இல்லை. அந்த இரு படங்களும் அமெரிக்காவில் எதிர்பார்த்த வசூலைத் தராதபோது குற்றம் முழுவதும் அவர் தலையில் விழுந்தது. 'கிங்டம் ஆஃப் ஹெவன்' படத்தைத் திரையரங்குக்காக வெட்டிச் சுருக்கியிருந்தார்கள். பின்னர் வெளியான இயக்குநரின் நீண்ட பதிப்பைப் பார்த்தவர்கள் அவருடைய நடிப்பையும் சற்று உயர்வாகவே மதிப்பிடுகிறார்கள், நானும் அவர்களில் ஒருவன். பிறகு அவர் மேடைக்குத் திரும்பி 2013இல் பிராட்வேயில் ரோமியோவாக நடித்தார். 'கார்னிவல் ரோ' என்ற தொலைக்காட்சித் தொடரில், சோர்வும் கசப்பும் படிந்த காவலராக வந்து, இளமையில் அவருக்கு வாய்க்காத அழுத்தத்தைக் காட்டினார். மங்கினார் என்பதைவிட, 22 வயதில் செய்ய வேண்டியதை 40 வயதில் செய்யத் தொடங்கினார் என்பதே பொருந்தும்.

கோல்லம் கணினியில் வரையப்பட்ட உருவம்தானே? அதில் ஆண்டி செர்கிஸ் நடித்தார் என்று ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

இந்தக் கேள்வி வந்தமைக்கு மகிழ்கிறேன், ஏனெனில் இதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று வெகுநாளாக எண்ணியிருந்தேன்.

செர்கிஸை முதலில் அழைத்தது குரல் கொடுப்பதற்காகத்தான். சில வார வேலை. மைக் லீ போன்ற இயக்குநரிடம் பணிபுரிந்த மேடை நடிகரான அவரால் உடலை அசைக்காமல் அந்தக் குரலை உருவாக்க முடியவில்லை. அவர் தவழ்ந்து, குனிந்து, தொண்டையை இறுக்கி நடித்துக் காட்டியதைக் கண்ட ஜாக்சன், கோல்லத்தை உருவாக்கும் முறையையே மாற்றினார். செர்கிஸ் எலைஜா வுட்டுடனும் ஷான் ஆஸ்டினுடனும் படப்பிடிப்புத் தளத்தில் நேருக்கு நேர் நடித்தார். பின்னர் அதே காட்சிகளை, நடிகரின் உடலசைவைக் கணினியில் பதிவு செய்யும் மோஷன் கேப்ச்சர் கூடத்தில் மீண்டும் நடித்தார். முகபாவங்களை அப்போது கணினிக் கலைஞர்கள்தாம், அவர் நடித்த பதிவைப் பார்த்துப் பார்த்து, கையால் அமைத்தார்கள். எனவே கோல்லத்தை அவர் ஒருவருடைய படைப்பு என்று சொல்வது அந்தக் கலைஞர்களின் உழைப்பை மறைப்பதாகும். ஆனால் ஒரே உடலுக்குள் இரண்டு மனங்கள் பேசிக்கொள்ளும் அந்தப் புகழ்பெற்ற காட்சியில், எந்தச் சொல்லுக்கு முன் தயங்க வேண்டும், எந்தச் சொல்லில் கெஞ்ச வேண்டும் என்று முடிவு செய்தவர் செர்கிஸ். அதைத்தான் நாம் நடிப்பு என்கிறோம்.

அதன் பிறகு அவர் செய்தவை இன்னும் முக்கியமானவை. ஜாக்சனின் 'கிங் காங்' (2005) படத்தில் குரங்காகவே நடித்தார். அதில் முகத்தசைகளின் அசைவையும் நேரடியாகப் பதிவு செய்தார்கள். 2011, 2014, 2017 ஆகிய ஆண்டுகளில் வந்த 'பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' படங்களில் சீசர் என்னும் குரங்கை, குட்டிப் பருவம் கடந்த நாளிலிருந்து முதுமை வரை வாழ்ந்து காட்டினார். கூடத்துக்குள் அடைபட்டிருந்த அந்தத் தொழில்நுட்பம், அவர் காலத்தில் காட்டுக்கும் மழைக்கும் வெளியே வந்தது. 2011இல் 'தி இமாஜினேரியம்' என்ற நிறுவனத்தைத் தொடங்கி மற்ற நடிகர்களுக்கும் இக்கலையைக் கொண்டுசேர்த்தார். இவ்வளவு நடந்தும், மோஷன் கேப்ச்சர் வழியே நடித்த எவருக்கும் ஆஸ்கரின் நடிப்புப் பிரிவுகளில் இன்றுவரை பரிந்துரை கிடைத்ததில்லை. இது சரியான நிலைப்பாடு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. முகத்தில் பல மணி நேரம் ஒப்பனை பூசி உருவை முற்றிலும் மாற்றிக்கொண்ட நடிகருக்கு விருது தரலாம் என்றால், அந்த ஒப்பனை படப்பிடிப்புக்குப் பின் கணினியால் இடப்படும்போது மட்டும் நடிகர் மறைந்துபோய்விடுவாரா? பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு 2020இல், பிரிட்டிஷ் சினிமாவுக்கு ஆற்றிய பங்களிப்புக்கான சிறப்பு விருதை அவருக்கு வழங்கியது. 'தி ஹாபிட்' படங்களில் இரண்டாம் குழுவின் இயக்குநராகப் பணிபுரிந்து தொழில் கற்ற அவர், இப்போது கோல்லத்தை மையமாக வைத்த புதிய படத்தைத் தாமே இயக்கி நடிக்கிறார். அது 2027 டிசம்பரில் வெளியாகும் என அறிவிக்கப்பட்டுள்ளது.

மூத்த நடிகர்களுக்கு இந்தப் படங்களால் ஏதாவது பயன் இருந்ததா?

ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதம். சரூமானாக நடித்த கிறிஸ்டோபர் லீ, மூல நூலை எழுதிய டோல்கீனைப் படக்குழுவில் நேரில் சந்தித்திருந்த ஒரே ஒருவர். அந்நூலை ஆண்டுதோறும் படித்தவர். கேன்டால்ஃபாக நடிக்க ஆசைப்பட்டவருக்கு வில்லன் வேடமே வாய்த்தது. 80 வயதை நெருங்கியவருக்கு, டிராகுலாவாக மட்டுமே தன்னை அறிந்திருந்த உலகத்திடமிருந்து புதிய தலைமுறை ரசிகர்கள் கிடைத்தார்கள். ஆயினும் மூன்றாவது படத்தின் திரையரங்குப் பதிப்பில் அவர் காட்சிகள் முழுவதும் நீக்கப்பட்டன. அவர் மனம் நொந்ததை மறைக்கவில்லை, நொந்ததில் நியாயமும் இருந்தது. நீண்ட பதிப்பில் அவை மீட்கப்பட்டன. அவர் 2015இல் காலமானார்.

தியோடன் அரசராக வந்த பெர்னார்ட் ஹில், 'டைட்டானிக்' கப்பலின் கேப்டனாகவும் நடித்தவர். 11 ஆஸ்கர் வென்ற மூன்று படங்களில் இரண்டில் இடம்பெற்ற ஒரே நடிகர் என்ற பெருமை, 2024இல் மறைந்த அவருக்கு உண்டு. பில்போவாக நடித்த இயன் ஹோம், 1981இல் பிபிசி வானொலி நாடகத்தில் ஃப்ரோடோவுக்குக் குரல் தந்தவர் என்பது பலர் அறியாத செய்தி.

மெக்கல்லனுக்கோ 60 வயதில் இரட்டைப் புகழ். 'எக்ஸ் மென்' முதல் படத்தில் தன் பகுதியை முடித்துக்கொண்டு 2000 ஜனவரியில் நியூசிலாந்து சென்றார். அவர் புகழை மேடைக்குத் திருப்பிய விதம் எனக்கு மிகவும் பிடித்தது: 80 வயது நிறைந்த 2019இல் பிரிட்டன் முழுவதும் 80 அரங்குகளில் தனியொருவராக நடித்து, வருவாயை அரங்க வளர்ச்சிக்கே கொடுத்தார். கேட் பிளாஞ்செட்டைப் பொறுத்தவரை இத்தொடர் அவருடைய பயணத்தில் ஒரு சிறு நிறுத்தம்தான். இரண்டு ஆஸ்கர்களும் வேறு படங்களுக்காகப் பின்னர் வந்தவை.

எல்லோரும் கோடீஸ்வரர் ஆகியிருப்பார்களே?

இல்லை. மூன்று படங்களுக்கும் சேர்த்துத் தமக்குக் கிடைத்தது 1,75,000 டாலர் என்று ப்ளூமே ஒரு வானொலி நிகழ்ச்சியில் கூறியிருக்கிறார். முன்பே சொன்னதுபோல், வெற்றி தெரியும் முன்பே மூன்று படங்களுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது.

ஃப்ரோடோவைப் போன்ற குட்டை உருவ இனத்தாரான மற்ற ஹாபிட்டுகளாக நடித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்?

மெர்ரியாக வந்த டொமினிக் மோனகன் 2004இல் 'லாஸ்ட்' தொலைக்காட்சித் தொடரில் மீண்டும் புகழ்பெற்றார். பிறகு உயிரினங்களைத் தேடி உலகம் சுற்றும் நிகழ்ச்சியை வழங்கினார். பிப்பினாக வந்த பில்லி பாய்ட், 'ஹாபிட்' மூன்றாம் படத்தின் நிறைவுப் பாடலை எழுதுவதில் பங்குகொண்டு பாடவும் செய்தார். சாம் வேடத்தில் நம்மை அழவைத்த ஷான் ஆஸ்டின், 2017இல் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரின் இரண்டாம் பருவத்தில் பாப் என்னும் நல்ல மனிதராக வந்து மறுபடியும் அழவைத்தார். 2025 செப்டம்பரில் அமெரிக்க நடிகர் சங்கத்தின் தலைவராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருடைய தாயார் பேட்டி டியூக்கும் 1980களில் அதே பொறுப்பில் இருந்தவர்.

சிறு வேடத்தில் வந்து பின்னர் உயர்ந்தவர் யாராவது உண்டா?

உண்டு. முதல் படத்தில் எல்ரோண்டின் ஆலோசனைக் கூட்டத்தில், வசனமின்றிச் சில நொடிகளே தெரியும், எல்ஃப் என்னும் கற்பனை இனத்தைச் சேர்ந்த ஒருவரை ரசிகர்கள் கண்டெடுத்துப் பெயரெல்லாம் சூட்டினார்கள். அவர் நியூசிலாந்துக்காரரான பிரெட் மெக்கென்சி. 'ஃப்ளைட் ஆஃப் தி கான்கார்ட்ஸ்' என்ற இசை நகைச்சுவை இரட்டையரில் ஒருவரான அவர், 'தி மப்பெட்ஸ்' படத்துக்கு எழுதிய பாடலுக்காக 2012இல் ஆஸ்கர் பெற்றார்.

இவர்கள் நடித்த வேறு படங்களைப் பார்க்க விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்கலாம்?

'ஈஸ்டர்ன் ப்ராமிசஸ்' படத்திலிருந்து தொடங்குங்கள். வன்முறை மிகுந்தது, சிறுவர்களுடன் பார்க்க வேண்டாம். அடுத்து, மெக்கல்லன் முதிய ஷெர்லாக் ஹோம்ஸாக நடித்த 'மிஸ்டர் ஹோம்ஸ்' (2015). பிறகு ஷான் பீன் சிறைக்கைதியாக நடித்து பாஃப்டா வென்ற 'டைம்' (2021) என்ற மூன்று பகுதித் தொடர். போரோமிராகவும் வேறு பல பாத்திரங்களாகவும் திரையில் மடிந்துகொண்டே இருந்த அவர், இதில் செய்த தவறுடன் உயிரோடு இருக்க வேண்டிய ஓர் ஆசிரியராக வருகிறார். முதல் பகுதியில் சிறைக்கு அழைத்துச் செல்லும் வண்டிக்குள் அவர் அமர்ந்திருக்கும் விதத்தைக் கவனியுங்கள்.